வேலுத்தாய் சொன்ன நல்ல வார்த்தை

நான் கோபக்காரன்தான். ராமசுப்பு கடை எது என்று கேட்டால், "அந்தச் சிடுமூஞ்சி கடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அறுபத்தாறாம் வருசம் எனக்கு வந்தது நியாயமான கோபம்.

கோவில்பட்டிக்கு வெளியே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. என் பலசரக்குக் கடைக்கு எதிர்வீடு மஸ்தானுடையது. பட்டாளத்துக்காரர். சீனச் சண்டைக்குப் போய்விட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். அடி பட்டிருந்தது மனசில்தான். வந்த புதுசில், பக்கத்தில் டமார் என்று சத்தம் கேட்டால் போதும், நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்துத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார். மழை பெய்து கரிசல் மண் குழைந்து கிடந்தாலும் அப்படியே விழுவார். அவர் மனைவி மெஹராஜ் பேகம் ஓடிவந்து தூக்குவாள். "அவியளுக்கு வயித்துவலி அண்ணாச்சி" என்பாள். நாங்களும் "ஓமத்தண்ணி குடும்மா" என்போம். என்ன வலி என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மில் வேலைக்குப் போனார். எந்திரச் சத்தத்தில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மனநோய் என்று பட்டாளத்து டாக்டர்கள் எழுதிக் கொடுத்த பென்ஷனில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அதுவும் நிரந்தரம் கிடையாது. குணமாகிவிட்டதா என்று மதுரையில் போர்டு கூடி மறுபடியும் பார்ப்பார்கள். குணம் என்று எழுதிவிட்டால் பென்ஷன் நின்றுபோகும்.

போர்டுக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் வரும் என்று மஸ்தான் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆள் வந்த அன்றைக்குப் பார்த்து நான் கடம்பூருக்குப் போய்விட்டேன். வந்தவர் குடையும் தோல்பையுமாக வீடு வீடாக ஏறி, "மஸ்தான் எப்படிப்பட்டவர்? சண்டை சச்சரவு உண்டா? ராத்திரி நல்லாத் தூங்குவாரா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் ஒருவர் வந்து ஒரு குடும்பத்தைப் பற்றி இப்படிக் கேட்டால், அது சம்பந்தம் பேசுகிற சோலிதான். மஸ்தானின் தங்கச்சி ரசியாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் பெயர் சம்சுதீன். பிறகென்ன, மாப்பிள்ளை வீட்டார் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே! ஊஹூம்.

முதல் ஆள் வேலுத்தாய். மஸ்தானுக்குப் பக்கத்து வீடு, தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறவள். "தங்கமான மனுசம்லா. படுத்தா விடியத்தான் முழிப்பாரு. ஒரு குறை சொல்ல முடியாது" என்று அளந்துவிட்டு, மோரும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். சாயங்காலம் அதைப் பெருமையாக என்னிடமே வந்து சொன்னாள்.

"ஏட்டி, குடியக் கெடுத்தியே! அவரு பட்டாளத்து ஆபீசு ஆளுட்டி. குணமாயிட்டுன்னு எழுதிருவாரு. பென்ஷனு போச்சு!"

"ஐயையோ! ரசியாவுக்கு நல்லதுன்னுல்லா அண்ணாச்சி சொன்னேன்" என்று அழுதாள்.

"அழுது என்னத்துக்கு? மதுரைக்கு வந்து உள்ளதச் சொல்லு."

மஸ்தான், மெஹராஜ், வேலுத்தாய், நான் எல்லோரும் ரயிலேறினோம். மஸ்தானுக்குச் சிரிப்பு. "எதுக்கு அண்ணாச்சி இத்தனை பேரு? எனக்கே இப்பம் சொகமாத்தான் இருக்கு. மூணு தீபாவளி போயிருக்கு, ஒரு நாளாவது கீழ விழுந்தனா? பென்ஷன் நின்னா நிக்கட்டும், வேலைக்குப் போயிருவேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போர்டில் இருந்த டாக்டர் நிதானமான மனிதர். விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டு, "நல்லா இருக்காருன்னு தெருவே சொல்லுதே அம்மா. இவருக்கு என்ன செய்யுது?" என்று மெஹராஜிடம் கேட்டார்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வயித்துவலிதான் ஐயா" என்றாள். அடக்கடவுளே! கட்டின புருசனுக்கு மனசு சரியில்லை என்று வெளி ஆள் முன்னால் எப்படிச் சொல்வாள், பாவம்.

வேலுத்தாய் முன்னால் வந்துவிட்டாள். "ஐயா, நான் சொன்னது பொய்யி. மாப்பிள்ளை வீட்டுக்காரவியன்னு நெனச்சிட்டேன். இவிய ராத்திரி அலறுதது எங்க வீட்டுக்குக் கேக்கும். தீபாவளிக்கு எங்க தெருப் புள்ளைக ஒண்ணுகூட வாசல்ல வெடி போடாது. எல்லாத்தையும் ஊருணிக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவோம். இந்த அண்ணாச்சி கடைப் பலகையக்கூடச் சத்தம் வராம துணி சுத்தித்தான் சாத்துதாரு."

மஸ்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் தனியாக வெகுநேரம் பேசினார். கடைசியில் குணமாகவில்லை என்றே எழுதினார். பென்ஷன் பிழைத்தது.

திரும்பும்போது ரயில் சாத்தூரைத் தாண்டியது. மஸ்தான் என் பக்கம் திரும்பி, "மூணு தீபாவளியுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். பென்ஷன் நிலைத்ததற்குச் சந்தோசப்பட வேண்டியவன், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மெஹராஜ் வேலுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வருசத் தீபாவளிக்கு முதல் நாள் மஸ்தான் மனைவியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு புதூருக்குக் கிளம்பினார். அங்கே மாமனார் வீடு முஸ்லிம் தெருவில் இருக்கிறது; தீபாவளி வெடிச் சத்தம் கிடையாது. "புள்ளைக நம்ம தெருவுலயே வெடிக்கட்டும் அண்ணாச்சி. முடிஞ்சப்புறம் வாரேன்" என்று கடையில் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் ஆசை தீர வெடித்தார்கள். கடை அடைக்கும்போது நானும் பலகையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு ஓங்கிச் சாத்தினேன். எதிரே வீடு பூட்டிக் கிடந்தது. சகிக்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகத் துணியை எடுத்து மறுபடியும் சுற்றினேன்.