திரையில் பிடித்த பூட்ஸ்

"தலைய கொஞ்சம் நகத்துங்க பாய்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் மேனேஜர் நசீர் பாய் என் கம்ப்யூட்டர் திரையைத் தன் ஃபோனில் படம் எடுத்து, ஜெர்மனியில் எங்களுக்கு ஆர்டர் தரும் அம்மாளுக்கு அனுப்பியும் விட்டார். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் டிசைனர் என்றால் ஷூ வரைகிறவன் என்று வெளியில் நினைக்கிறார்கள். வரைந்ததைத் தெளிவாகப் படம் பிடித்து அடுத்தவர் கண்ணில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலையில் பாதி என்பது, என்னைப் போல ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ திரை முன்னால் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும்.

அந்த சீசனில் கையிலிருந்தது ஒரே மாடல். பெண்களுக்கான கறுப்பு பூட்ஸ். அந்த ஆர்டர் வந்தால் இரண்டாவது தையல் லைன் மறுபடி ஓடும். வராவிட்டால் அங்கே தைத்த பெண்கள் வீட்டில்தான். மெஷின்களுக்கு மேல் சுவரில் அவர்கள் டிபன் பை மாட்டும் ஆணிகள் வெறுமனே இருந்தன. அவர்களில் செல்வி அக்கா எங்கள் தெரு. நான் பைக்கை எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, "ஜெர்மனிக்காரம்மா இன்னா சொன்னாங்க தம்பி?" என்பாள்.

*உள்ளே ஒருவர்*

பாய் எடுத்த படத்தில் டியூப்லைட் இருந்தது, ஜன்னல் இருந்தது. கறுப்பு பூட்ஸின் பளபளப்பில், கணுக்காலுக்கு மேலே, தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக பாயும் இருந்தார். எங்கள் தோலின் ஃபினிஷிங் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மனிக்கார அம்மாளின் பதில் அரை மணியில் வந்தது: "பூட்ஸ் அழகு. உள்ளே இருக்கும் பெரியவர் யார்?"

*ஒரே மெசேஜில்*

அடுத்த முறை நானே எடுத்தேன். கறுப்பு பூட்ஸுக்கு மென்பொருளின் கருஞ்சாம்பல் பின்னணி ஆகாது என்று வெள்ளைக்கு மாற்றினேன். நிழலை அணைத்தேன். பூட்ஸ் திரை முழுக்க நிற்கும்படி பெரிதாக்கிவிட்டு, ஃபோன் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே ஸ்க்ரீன்ஷாட்டாகப் படம் பிடித்தேன். தையலை ஒவ்வொன்றாக எண்ணலாம். பாய் பார்த்து, "மாஷா அல்லா" என்றார்.

பிறகு அதை வாட்ஸாப்பில், ஃபைலாக அனுப்பாமல், சாதாரண ஃபோட்டோவாகவே அனுப்பிவிட்டேன். போகிற வழியில் அது சுருங்கி, மங்கி, தோலெல்லாம் பூனைமுடி மாதிரி ஆகிவிட்டது. "முடி எழுப்பிய சூயட் தோல் என்று நான் சொல்லவில்லையே, எனக்கு வழவழப்பான தோல்தான் வேண்டும்" என்று அந்த அம்மாள் கோபித்து எழுதினாள். சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது. பாய் என் மேஜையில் கையை ஊன்றிச் சொன்னார்: "டேனரியில தோல சூயட்டா தேச்சு எடுக்க எவ்ளோ பேஜாரு தெரியுமா? நீ ஒரே மெசேஜ்ல தேச்சுட்டியேப்பா!"

*வெள்ளை அம்பு*

கடைசி வாய்ப்பாக ஒரு ஜோடி சாம்பிள் கேட்டார்கள். சாயங்கால கூரியரில் போயாக வேண்டும். வெட்டுவதற்கான பேட்டர்னைக் கொடுத்துவிட்டு, பார்த்துத் தைக்க ஒரு வண்ணப் படத்தையும் சாம்பிள் ரூமுக்கு அனுப்பினேன். படம் பிடிக்கும் மென்பொருளில் மவுஸ் அம்பையும் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் இருந்ததை நான் பார்க்கவில்லை.

கூரியர்காரன் வாசலில் நிற்கும்போது சாம்பிள் ரூம் மாஸ்டர் ஏசுதாஸ் பூட்ஸைக் கொண்டுவந்தார். கணுக்காலின் வெளிப்பக்கம், சாய்ந்த வாக்கில், வெள்ளைத் தோலில் ஒரு அம்பு. ஓரமெல்லாம் பொடித் தையல். மாற்ற நேரம் இல்லை.

"இன்னா மாஸ்டர் இது?"

"உங்க படத்துல இருந்துச்சே. பேட்டர்ன்ல உட்டுட்டீங்க போலன்னு நானே வெட்டிட்டேன். ரைட் காலுக்கு அப்படியே வெச்சேன், லெஃப்ட்டுக்கு திருப்பி வெச்சேன். ஜோடின்னா ஜோடியா இருக்கணும் இல்ல?"

*சின்னதாக*

பதில் வரும்வரை நான் செல்வி அக்கா வாசல் வழியாகப் போகவில்லை. பைக்கை சத்தமில்லாமல் பின்சந்து வரை தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்தேன். அப்படியும் ஒரு நாள் சந்து முனையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "பெட்ரோல் இல்லியா தம்பி?" என்றாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்த பாய் ஃபோனை என் முன்னால் வைத்தார். ஆர்டர் உறுதி. கீழே ஒரு வரி: "அம்பு புதுமையாக இருக்கிறது, இருக்கட்டும். கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?"

என்ன பதில் எழுதுவது என்று கேட்டேன். பாய் சிரிக்கவில்லை. "முடியும்னு போடு. மவுஸ வேணா சின்னதா வாங்கிக்கலாம்."

தெளிவான படம் எடுப்பது எப்படி என்று இப்போது யார் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லித்தருகிறேன், எங்களுக்குச் சோறு போட்டது நான் எடுக்க மறந்த ஒரு டிக் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தோல் வந்து இறங்கிய திங்கட்கிழமை இரண்டாவது லைனில் விளக்கு எரிந்தது. செல்வி அக்கா முந்தானையால் மெஷினைத் துடைத்தாள். டிபன் பையைத் தன் பழைய ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.