இடது பக்கம் மட்டும் மங்கல்

பெங்களூர் அல்சூரில் பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்கும் ஒரு கடையில் சர்வீஸ் டேபிள் என்னுடையது. லென்ஸ் வாங்க வருகிறவர்கள் முதலில் டார்ச் அடித்துக் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முன் கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் படம் கெடுவது அபூர்வம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒரு மழைநாள் மதியம் ஸ்டெல்லா மேடம் வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். சர்ச் கல்யாணம், ஞானஸ்நானம் என்று படமெடுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கேமரா பையை மேஜைமேல் வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க தம்பி. போன கல்யாணத்துல குரூப் போட்டோ எல்லாம் மங்கல். பொண்ணோட அம்மா முகமே தெளிவா இல்ல. என் மருமக, 'கை நடுங்குது மம்மி, விட்டுடுங்க'ன்னு சொல்லிட்டா."

முதலாளி ரஃபீக் பாய் ஜூம் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சூப்பர் கண்டிஷன் மேடம். ஒரு தூசி இல்ல."

எனக்கு அந்தச் சுத்தம்தான் உறுத்தியது. பின்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தது.

"இதை யாராவது திறந்தாங்களா மேடம்?"

"உள்ள ஃபங்கஸ் வந்துச்சுன்னு க்ளீன் பண்ணக் கொடுத்தேன். நல்லாத்தானே பண்ணியிருக்காங்க?"

"விடப்பா குமாரு, அவங்களே விக்கறேங்கறாங்க" என்றார் பாய்.

நான் விடவில்லை. லென்ஸை ட்ரைபாடில் மாட்டி, கை படாமல் டைமர் வைத்து எதிர்ச் செங்கல் சுவரை எடுத்தேன். வலது பக்கம் ஒவ்வொரு செங்கலும் துல்லியம். இடது பக்கம் கரைந்துபோயிருந்தது.

"கை நடுங்கினா படம் முழுக்கக் கலங்கும் மேடம். இது ஒரு பக்கம்தான். க்ளீன் பண்ணி மறுபடி பூட்டினப்ப உள்ள ஒரு கண்ணாடி சாய்ஞ்சு உக்காந்திருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கண்ணாடியைப் பிடித்திருப்பவை மூன்று ஸ்க்ரூக்கள். ஒன்றைத் துளி திருப்பினால் இடது தெளியும், மேல் மூலை போகும். பூட்டு, மாட்டு, சுவரை எடு, பார், மறுபடி கழற்று. முதுகு விட்டுப்போனது. வெளிச்சம் மங்குவதற்குள் இரண்டு பக்கமும் ஒத்துவந்தன. கீழ் மூலை ஒன்று மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. விட்டுவிட்டேன்.

"கையில பிடிச்சு எடுத்துப் பாருங்க மேடம்."

என்னை எடுத்தார், பாயை எடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டோம். சில படங்கள் கச்சிதம். சில, ஓரத்துக்கு ஓரம் கலங்கல். மருமகள் சொன்னதும் பொய்யில்லை.

அவரே கேட்டார்: "அப்ப ரெண்டும்தான், இல்ல?"

"ஆமா மேடம். ஷட்டர் ஸ்பீடை ஏத்தி வைங்க. ஒத்தைக்கால் ஸ்டாண்ட் ஒண்ணு வெச்சுக்கங்க."

"கைக்கு ஏதாவது பண்ணிக்கறேன். இத்தனை நாளா லென்ஸுக்கும் சேர்த்து நானே திட்டு வாங்கியிருக்கேன் பாருங்க" என்றவர், எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டு மழையில் கிளம்பினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பளபளப்பை நம்பாதீர்கள், முதலில் ஒரு சுவரைப் படம் எடுங்கள். எல்லாப் பழுதையும் நம்மால் சரிசெய்ய முடியாது. எது யாருடைய பழுது என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.