சத்தம் போடாத காற்றுக்காரன்

மூத்த பேத்தி மருத்துவபீடத்துக்குத் தெரிவாகிவிட்டாள். அவளின் அண்ணன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான். கடைக்குட்டி பவி, பத்து வயதில், அழாமல் வான் வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள். இதையெல்லாம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதி, பவியின் புதுப் படம் ஒன்றையும் போடத் தொடங்கினேன். அப்போதுதான் மகள் வந்து, "அம்மா, எங்கடை தவம் அண்ணை மோசம் போயிட்டாராம்" என்றாள். சாவுச் செய்தி கேட்டதும் படம் போடுவதை விட்டுவிட்டேன்.

சுன்னாகத்தில் வாகனங்களுக்குக் குளிரூட்டி பூட்டிய தவத்தை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் பவியோ கதைக்கமாட்டாள். சின்னச் சத்தமும் தாங்கமாட்டாள். அப்போது எங்கள் வானின் கண்ணாடியைத் திறந்தால் தெருச் சத்தம். மூடினால், குளிர்காற்று வரும் வாயின் இதழ்களைத் திருப்பும் மோட்டரின் 'கிர்' சத்தம். காதைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பாய்வாள். அவளுக்கென்று இருந்த ஒரே பள்ளிக்கூடம் சாவகச்சேரியில். அங்கே போவது நின்றது.

தவம் அந்த மோட்டர்களைக் கழற்றிவிட்டு, தலைமயிர் போன்ற கம்பியைப் பூட்டினார். கரண்ட் பட்டால் கம்பி சூடேறிச் சுருங்கி இதழை இழுக்கும். பிறகு ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும், கரண்ட் தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது மந்திரம்தான்.

"தம்பி, உது வேலை செய்யுதோ?"

"செய்யுது ஆச்சி. நீங்கள் புறுபுறுக்கிறதை நிப்பாட்டினால், ஒண்டும் கேக்காது."

பிள்ளையார் கோயிலில் வானுக்குப் பூசை நடந்தது. மருமகன் பக்தியில் அந்த இதழ்களிலும் சந்தனத்தை அப்பிவிட்டான். அது காய்ந்து இறுகி, இதழ்கள் அசையாமல் போயின. மறுநாள் பவி சத்தமில்லாமல் இருந்தாள்; எங்களுக்குப் புளுகம், ஒரே சந்தோசம். பள்ளிக்கூட வாசலில் பார்த்தால், குளிர்காற்று முழுவதும் நேரே பட்டு உதடு நீலம் பாரித்து நடுங்கினாள். மோட்டர் என்றால் இதழைத் திருப்ப முடியாமல் முக்கிச் சத்தம் போட்டிருக்கும். கம்பி ஒன்றும் சொல்லவில்லை.

"உன்ரை ஊமைச் சாமானாலை என்ரை பிள்ளை விறைச்சுப் போச்சுது" என்று மருமகன் ஏசினான்.

தவம் சந்தனத்தைக் குறை சொல்லவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சத்தம் போடாததை நாங்கள்தான் பாக்கோணும், அண்ணை." பிறகு ஒவ்வொரு வாயிலும் ஒரு சிவப்பு நூல் கட்டினார். காற்று எந்தப் பக்கம் போகிறதென்று நூல் காட்டும். பவி வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு போவாள். நூல் தன் பக்கம் வந்து நின்றால் சாரதியின் தோளைத் தட்டுவாள். அவள் வெளி ஆள் ஒருவரிடம் கேட்ட முதல் உதவி அது.

முன்பெல்லாம் பவி சத்தமில்லாமல் கிடந்தால் நிம்மதி என்று திரும்பிப் படுத்துவிடுவேன். இப்போது எழும்பிப்போய் அவள் முகத்தைப் பார்க்கிறேன். தவம் எனக்குத் தந்துவிட்டுப் போனது அதுதான்.