தம்பியின் தகர லாரி

தந்தை ஏறிய தேர் என்றும் பாராமல் அதன் அச்சை முறித்த ஆனைமுகப் பெருமானே, உன்னை வணங்காமல் புறப்படுபவர் யாராயினும் நிறுத்திவிடுவாய் என்பதை அறிந்தே முதலில் உன் திருவடியைப் பற்றுகிறேன். சைக்கிள் கம்பியில் நான் சமைத்த சிற்றச்சையும் இங்கே கோக்கும் சொற்களையும் இடைவழியில் முறியாமல் காத்தருள்வாய்.

நாள், புரட்டாசித் திங்கள் வளர்பிறைத் தசமி, திருவோணம் கூடிய விசயதசமி. அன்று தொடங்கியது துலங்கும் என்பது பெரியோர் வாக்கு. அந்த நன்னாள் விடிந்தபோது என் உள்ளத்தில் மகிழ்ச்சி இல்லை. இரவெல்லாம் எதையோ மறந்துவிட்டோம் என்ற கலக்கமே இருந்தது.

என் கணவர் மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் அருகில் அமர்ந்து ஈயம் பற்றவைத்துப் பழகிய கை இது. அவர் இறைவனடி சேர்ந்தபின் கடை போயிற்று, பற்றவைக்கும் கோல் என்னிடம் தங்கிற்று. காலையில் பதிகம் ஓதி முடித்ததும் அந்தக் கோலைச் சூடாக்கி, பழைய தகர பொம்மை லாரிகளுக்கு மோட்டாரும் ரிசீவரும் வைத்து ரிமோட்டில் ஓடச் செய்வது என் வழக்கம். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூடச் சிலர் தங்கள் பால்ய கால லாரிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள். வண்ணம் உரியாமல், தகரம் கிழியாமல், புதுக் கருவி வெளியே தெரியாமல் உள்ளே குடியேற்ற வேண்டும். கோயில் திருப்பணியில் பழைய கல்லைத் தொடுவதுபோல் அஞ்சி அஞ்சித்தான் தொடுவேன்.

ஆனால் இந்த லாரியைத் தொட்டபோது இருந்த அச்சம் வேறு. இது என் தம்பியுடையது.

தம்பி சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவன். சென்ற ஆடியில் பாரத்தோடு கணவாய் இறங்கி வருகையில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் உரசி நிறுத்தினான். கிளீனருக்குச் சிராய்ப்பு, இவனுக்கு மோவாயில் தையல், வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. திருவருள் என்று நாங்கள் அர்ச்சனை செய்தோம். அவன் மட்டும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பட்டறையில் சீராக்கிய வண்டியை வேறொரு டிரைவர் ஓட்டிவந்து அவன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அதன் கதவைக்கூட அவன் தொடவில்லை. பேருந்தில் போனாலும் கடைசி இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். கம்பைநல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடம், “விசயதசமியன்னைக்கி வந்து எடுத்துக்கங்க” என்று சொல்லியும் விட்டான்.

அதன்பின்தான் அவன் மனைவி என்னைத் தேடி வந்தாள்.

“அண்ணி, விக்கறதுன்னா விக்கட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா பயந்துகிட்டு விக்கறாரு. அப்படி வித்துட்டு வூட்ல உக்காந்தாருன்னா அந்த மனுசன் பாதியாப் போயிருவாருங்க.”

“நான் என்னம்மா செய்ய?”

“அவரு சின்னதுல வெச்சிருந்த தகர லாரி உங்க பெட்டியிலதான இருக்குது? அதுக்கு ரிமோட்டு வெச்சிக் குடுங்க. கையில எதையாச்சும் புடிச்சி ஓட்டட்டும்.”

“பொம்மையைக் கொண்டுபோய் நீட்டினா என்னை அடிக்க வருவான்.”

“வரட்டுமுங்க. அப்பயாச்சும் எந்திரிச்சி நிப்பாருல்ல.”

சிரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். அவள் போனபின் சிரிப்பு அடங்கிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு வண்டியால் நடுங்கிப்போனவன் அவன். நான் கொடுக்கும் வண்டியும் அவன் பேச்சைக் கேட்காமல் போனால்? உண்மை லாரி ஒருமுறை செய்ததை என் பொம்மை உறுதி செய்துவிட்டால், பின் அவனை எந்தக் கடவுளிடம் அழைத்துச் செல்வேன்?

தருமபுரித் தேர்த்திருவிழாவில் எங்கள் தந்தையார் வாங்கித் தந்த லாரி அது. சிவப்பு மூக்கு, மஞ்சள் தொட்டி, மூக்கின் நுனியில் தம்பியின் பால்பல் பதிந்த தடம். அதன் முன்னச்சு திரும்பாத ஒற்றைக் கம்பி. அதை அறுத்து, இரு சக்கரங்களும் திரும்புமாறு மூட்டு வைத்து, சைக்கிள் கம்பியால் இணைத்தேன். அடித்தகட்டில் துளையிடும்போது நாமத்தை உச்சரித்துக்கொண்டே துரப்பணத்தை அழுத்தினேன். தகரம் நெளிந்தால் இன்னொன்று கிடைக்காது. பேட்டரியோ கூடுதலாக மின்னேற்றினால் உப்பித் தீப்பற்றும் வகை. மண்சட்டிக்குள் வைத்து, ஏறி முடியும்வரை எழுந்திருக்காமல் காவல் இருந்தேன். “அஞ்சேல்” என்னும் அபயக் கரத்தை நாள்தோறும் பாடுகிற வாய்தான் இது. ஆயினும் மனம் அஞ்சிக்கொண்டேயிருந்தது.

எல்லாவற்றிலும் நான் அஞ்சியது ஒன்றை. ரிமோட்டுக்கும் வண்டிக்கும் இடையே தொடர்பு அறுந்துபோனால் வண்டி என்ன செய்யவேண்டும் என்பதை ரிசீவர் நினைவில் வைத்திருக்கும். இரண்டையும் முதன்முதலாக இணைக்கும் நொடியில் ரிமோட்டில் வேகம் கூட்டும் விசை எந்த நிலையில் இருக்கிறதோ அதையே அது மனத்தில் கொள்ளும். விசையில் விரல் படாமல் இணைத்தால், தொடர்பு அறுந்ததும் வண்டி நின்றுவிடும். இணைத்தபின் ரிமோட்டை அணைத்துப் பார்த்து, வண்டி நிற்கிறதா என்று சோதிக்காமல் எந்த லாரியையும் நான் கொடுத்ததில்லை.

அந்த இணைப்பை ஆயுதபூசையன்று நல்ல நேரத்தில் செய்வதென்று ஒதுக்கி வைத்திருந்தேன். பற்றவைக்கும் கோல், குறடு, திருப்புளிகள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் இட்டு மணையில் அடுக்கினேன். நடுவில் தம்பியின் லாரி, அதன் அருகே துப்பாக்கி வடிவிலான ரிமோட். சாமந்திச் சரத்தை ரிமோட்டின் கழுத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றினேன். கற்பூரத்தின் அருகில் வண்டி துள்ளிவிடக்கூடாதே என்று மோட்டாரின் கம்பியை மட்டும் பிரித்து வைத்தேன். தூபம் காட்டி, இணைக்கும் பொத்தானை அழுத்தினேன். துடித்துக்கொண்டிருந்த சிறு விளக்கு ஒரே சீராக ஒளிர்ந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பூசையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூசை முடியும்வரை தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டு முறை. சோதனையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

காலையில் மறுபூசை முடிந்து சரத்தைக் கழற்றி மோட்டார் கம்பியைச் செருகினேன். கூடத்தில் ஒருமுறை ஓட்டினேன். சொன்னபடி போய்ச் சொன்னபடி நின்றது. அதற்குள் கைப்பேசி ஒலித்தது.

“அண்ணி, வண்டி வாங்கற ஆளு காலையிலயே கெளம்பிட்டாராமுங்க. சீக்கிரம் வாங்க.”

லாரியை ஒயர்க்கூடையில் வைத்து மூடிக்கொண்டு நடந்தேன். பாதிவழியில்தான் அணைத்துப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நின்றேன். தெருவில் வைத்துச் சோதிக்க வெட்கம். விசையில் என் விரல் படவே இல்லையே, எப்படித் தவறும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வாய் திருநாமத்தைச் சொல்லிற்று; மனமோ செய்யாமல் விட்ட சோதனையையே சுற்றிச்சுற்றி வந்தது.

தம்பி வீட்டு வாசலில் பெரிய லாரி கழுவி மாலையிட்டு நின்றது. சக்கரங்களின் முன்னே எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடந்தன. வாசலிலிருந்து பேருந்துகள் போகும் சாலைவரை சிமெண்டுச் சரிவு. தம்பி படியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தான்.

“எலுமிச்சம்பழத்து மேல யாருடா வண்டி ஏத்துறது?” என்றேன்.

“வாங்க வர்றவரு ஏத்திக்குவாருக்கா.”

கூடையிலிருந்து தகர லாரியை எடுத்து அவன் முன் வைத்தேன். செய்தித்தாள் தாழ்ந்தது. மூக்கிலிருந்த பல் தடத்தை விரலால் தடவினான்.

“இது இன்னுமா இருக்குது?”

“ரிமோட்டு வெச்சிருக்கேன். ஓட்டு.”

“என் கையில குடுக்காதக்கா.”

“ஏன், லைசென்சு கேப்பாங்களா?” என்றாள் அவன் மனைவி உள்ளிருந்தபடியே.

“நீ வாய மூடு.”

“நான் மூடிக்கறேங்க. நீங்க வண்டிய எடுங்க.”

வாங்கிக்கொண்டான். ரிமோட்டை இரு கைகளாலும் இறுகப் பிடித்தான். லாரி மெல்ல நகர்ந்தது, வளைந்தது, பெரிய லாரியின் அடியில் நுழைந்து மறுபுறம் வந்தது. அவள் ஆரத்தித் தட்டோடு வெளியே வந்து, ஒரு சிறு எலுமிச்சங்காயை அதன் முன் உருட்டிவிட்டாள். சக்கரம் ஏற மாட்டாமல் காயைத் தள்ளிக்கொண்டே போயிற்று.

“லோடு ஏத்தச் சொன்னா தள்ளிக்கிட்டுப் போவுது பாரு, உன் லாரி!” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். எத்தனையோ நாளைக்குப் பின் அவன் குரலில் கேலியைக் கேட்டேன். என் நெஞ்சு சற்றே இளகியது.

அப்போது சாலையில் ஒரு பேருந்து நீண்ட ஹாரன் அடித்தது. தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபத்தென்றால் இஞ்சினை அணைக்கும் டிரைவரின் கை, ரிமோட்டை அணைத்துவிட்டது.

லாரி நிற்கவில்லை.

எவர் சொல்லையும் எதிர்பாராமல் அது ஊர்ந்து சரிவில் இறங்கத் தொடங்கியது. அவன் விசையை அழுத்தினான், இழுத்தான். அணைந்த ரிமோட் என்ன செய்யும்? அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விரல் படவில்லை; சாமந்திச் சரம் பட்டிருந்தது. சுற்றிய நார் விசையை ஒரு மயிரிழை உள்ளே இழுத்திருக்க, அந்த நிலையையே ரிசீவர் தன் வேதமாகக் கொண்டிருந்தது. என் தம்பிக்குப் பிரேக் இல்லாத இரண்டாவது வண்டியை என் கையாலேயே கொடுத்துவிட்டேன் என்பது ஒன்றே என் நினைவாக இருந்தது.

“கட்டை! சக்கரத்துக்குக் கட்டை போடு!” என்று மனைவியைப் பார்த்து, கிளீனரிடம் கத்துவதுபோல் கத்தினான்.

“எந்தக் கட்டைங்க?” என்று அவள் ஆரத்தித் தட்டோடு சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

அவனே பாய்ந்து இறங்கினான். சாலை விளிம்புக்குச் சற்று முன்னால் வெறும் பாதத்தைக் குறுக்கே வைத்தான். லாரி அவன் கால்விரலில் முட்டிற்று. முட்டியும் அடங்காமல் சக்கரங்கள் தேய்த்துக்கொண்டு சுழன்றன. அவன் காலை எடுக்கவில்லை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தட்டுத்தடுமாறி ஓடி, வயிற்றுப்புறத்துச் சுவிட்சை அணைத்தேன்.

“அன்னைக்கும் இப்படித்தான்க்கா,” என்றான். “எதுவும் புடிக்கல. கீழ வளைவுல ஒரு மினி பஸ்ஸு ஏறி வந்துச்சு. இந்தப் பக்கம் பள்ளம். அதான் மலையில கொண்டுபோய்ச் சாத்துனேன்.”

“சாத்தி நிறுத்திட்டியேடா.”

“நிறுத்துனேன்ல?” என்று என்னையே கேட்டான். அது கேள்விதான். அதுவரை அவன் தன்னிடம் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை என்று தோன்றியது.

“நீதான் நிறுத்தின,” என்றேன்.

பூச்சரத்தின் செய்தியை அஞ்சி அஞ்சிச் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன்.

“சாமிக்குப் போடற மாலைய ஆக்சிலேட்டருக்குப் போட்டுட்டு, அணைச்சிப் பாக்காமலே டெலிவரி குடுத்திருக்கற. நீயெல்லாம் என்னா மெக்கானிக்கு?” என்று அதட்டினான். அதட்டிக்கொண்டே லாரியைக் கவிழ்த்து அதன் அடித்தகட்டைப் பார்த்தான்.

கம்பைநல்லூர்க்காரர் வந்து சேர்ந்தார். டயரைத் தட்டினார், அடியில் குனிந்து பார்த்தார், பின் தயங்கிக் கேட்டார்: “பிரேக்கு எப்படிங்க இருக்குது?”

தம்பி செய்தித்தாளை மடித்துப் படியில் வைத்துவிட்டு லாரியின் அருகே போனான். அவன் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஓட்டிக் காட்டறேங்க. ஏறுங்க,” என்றான்.

கதவைத் திறந்து ஏறினான். இஞ்சின் உறுமிற்று. எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் ஓசை கேட்டது. லாரி சரிவில் இறங்கி, சாலையில் திரும்பி, பொம்மிடிப் பக்கமாக மறைந்தது. “நல்லா வரணுமுங்க அண்ணி,” என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மனப்பாடம் செய்த பாடல்களில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் உயிர் போய்ப்போய் வந்தது. அனுப்பியது நாமல்லவா என்று ஒரு கணமும், அவனாகவே போனான் என்று மறுகணமும் மனம் அலைந்தது.

திரும்பி வந்தார்கள். தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கி, கதவில் கைவைத்துச் சற்று நின்றான்.

“என்னங்க, எப்ப எடுத்துக்கலாம்?” என்றார் வந்தவர்.

“இப்ப குடுக்கலீங்க. கொஞ்ச நாளு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் முகம் சுளித்தார். ஆனாலும் மோர் குடித்துவிட்டுத்தான் போனார். தம்பி பின்னால் விற்பானோ மாட்டானோ, எனக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் தெளிந்து செய்வான் என்ற அளவில் என் கலக்கம் தணிந்தது. முற்றும் தணிந்தது என்று சொன்னால் பொய்யாகும். அவன் கணவாய் ஏறும் நாளில் இப்போதும் நான் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் பதிகம் ஓதுகிறேன்.

இதைப் படிக்கும் அன்பர் யாவரும் ஏறிய வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கப் பெறுவீர்களாக. போன வழியே நலமாகத் திரும்பி, காத்திருப்போர் கண்ணெதிரே இறங்குவீர்களாக. உங்கள் பொருட்டு அஞ்சும் நெஞ்சங்கள் அனைத்துக்கும் இறைவன் ஆறுதல் அருள்வானாக.