அண்ணனைத் தேடி வந்தவர்

போன வாரம் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் போக்குவரத்து அபராதம் ஒன்றைக் கட்டாமல் இருக்கிறேனாம், கீழே உள்ள இணைப்பை உடனே தொட வேண்டுமாம். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. செங்காங்கில் எல்ஆர்டி ரயில் ஏறி இறங்குவதோடு என் வாகன அனுபவம் சரி. இருந்தும் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன். மகளுக்கு ஃபோன் செய்தேன். "அம்மா, தொடாதீங்க! ஸ்காம் லா அது, டிலீட் பண்ணிடுங்க," என்றாள். அழித்தேன். அழித்த பிறகும் கொஞ்ச நேரம் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், அபராதச் சம்மன் என்றாலே எனக்கு முதலில் ரொட்டி வாசம் வரும், அடுத்து சந்தேகம் வரும்.

ரொட்டி வாசம் என் அண்ணனுடையது. எழுபதுகளின் கடைசியில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். நான் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். அண்ணன் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டினார். விடியுமுன்னே கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு வருவார். எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் அந்த வாசம் போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவருக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பூசை முடியுமுன்னே பசியெடுத்துவிடும் என்று கேலி செய்வேன்.

அந்த வேனை ஒரு நாள் சந்தைக்கு எதிரே, வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் வைப்பரில் சம்மன் செருகியிருந்தது. எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் காகிதங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால். அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, என் பரீட்சைச் சீட்டு, போன வருடத்துக் குருத்தோலை எல்லாம் அங்கேதான் இருந்தன. நம்மால் ஆகாத காரியம் எதுவோ அது படத்துக்குப் பின்னால் போகும். சம்மனும் போனது. கோர்ட்டுக்கு வரச் சொல்லிப் பிறகு வந்த கடிதமும் போனது. "ஆண்டவர் பாத்துக்குவாரு," என்றார் அம்மா. ஆண்டவர் என்ன செய்வார், பாவம். கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளும் வந்து போய்விட்டது.

பேக்கரியில் கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் அண்ணனுக்கு உறைத்தது. "கோர்ட்டுக்குப் போகலியா? வாரண்ட் போட்டிருப்பான் லா. இனிமே மாத்தா வீட்டுக்கே வந்து பிடிப்பான்." மாத்தா என்றால் எங்கள் ஊரில் போலீஸ். எந்த இனத்தாரும் அந்தச் சொல்லைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

வேறு சமயமாக இருந்திருந்தால் அண்ணன் நேரே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பார். அப்போதுதான் அவருக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தோம். பெயர் பிலோமினா, செம்பவாங் பக்கம் தமிழ் டீச்சர். கோயில் திருவிழா அன்று மழையில் மாட்டிக்கொண்ட அவர்கள் குடும்பத்தை அண்ணன் ரொட்டி வேனில் ஏற்றி பஸ் நிற்குமிடம் வரை கொண்டுபோய் விட்டார். அந்தக் கொஞ்ச தூரத்திலேயே ஆள் பிலோமினாவிடம் கவிழ்ந்துவிட்டார். எந்தப் பெண்ணைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், தானாக வந்து, "அம்மா, உபதேசியார்கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாருங்களேன்," என்றார். கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்தான் எங்கள் மக்களுக்குக் கல்யாணத் தரகரும். அவர் அண்ணனின் ஞானஸ்நானப் பெயரையும் விலாசத்தையும் வாங்கிப் போய் பெண் வீட்டில் கொடுத்தார். பதிலுக்குக் காத்திருந்தோம்.

"இந்த நேரத்துல கையில விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனா யாரு பொண்ணு குடுப்பா?" என்று அம்மா அழுதார். பெண் வீட்டார் சரி என்று சொல்லும்வரை அண்ணன் மாத்தா கண்ணில் படக்கூடாது. அதன்பிறகு கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம். இவ்வளவுதான் எங்கள் திட்டம். அண்ணன் கிராஞ்சியில் கோழிப்பண்ணை வைத்திருந்த நண்பர் வீட்டுக்குப் படுக்கப் போனார். வேலைக்கு மட்டும் வழக்கம்போல வேனில் ஊர் சுற்றினார். மாத்தா பேக்கரிக்கு வரமாட்டான் என்று எதை வைத்து நம்பினாரோ தெரியாது. இப்போது அவர்மேல் ரொட்டி வாசத்தோடு கோழி வாசமும் சேர்ந்துகொண்டது.

எனக்கு அப்போது பிடித்த சந்தேகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனை மாடிப்படியிலேயே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தேன். கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் புதிதாக ஒரு பழவண்டி நின்றால், பழத்தைவிடப் பழக்காரரை அதிகம் பார்த்தேன். அம்மா அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்லி வைத்தார். கீழே கரி விற்ற சீனத்து அம்மாவிடம், எதிர்க் காப்பிக்கடைக்காரரிடம், பக்கத்து அறையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணியாரிடம். ஆபீஸ் வேலை பார்க்கிறவரை நாங்கள் கிராணி என்போம். இவர் பொய்யே சொல்லாதவர் என்று தெருவில் பெயரெடுத்தவர். "பிள்ளையின்ர கலியாண விசயம். நான் சமாளிக்கிறன்," என்றார் அவரே.

நாங்கள் பயந்துகொண்டிருந்த அந்த ஆள் ஒரு வேலை நாளில் மதியத்துக்கு மேல் வந்தார். நான் ஜன்னலில் நின்று தலை காயவைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, பளபளவென்று கறுப்பு ஷூ. எங்கள் தெருவில் ஷூ போட்டு நடப்பவர் யார்? காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு காப்பியை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடித்தார். நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் சட்டென்று உள்ளே வந்து, "அம்மா, வந்துட்டான்!" என்றேன்.

காப்பிக்கடைக்காரரிடம் அண்ணனின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். வீட்டில் அவர் ராசா, பேக்கரியில் வெறும் டிரைவர். முழுப் பெயரைச் சொல்லிக் கேட்க சர்க்காரைத் தவிர யார் இருக்கிறார்கள்? கேட்ட கேள்விகளும் அப்படித்தான். குடிப்பாரா, சூதாடுவாரா, யாரோடு பழக்கம், கேஸ் கீஸ் ஏதாவது உண்டா. காப்பிக்கடைக்காரர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டார். கரிக்கடை அம்மா, "தக் அடா, தக் அடா!" என்று இல்லவே இல்லையென மலாயில் விரட்டினாராம். கடைசியில் அவர் மாடியேறி வந்து கிராணியாரின் கதவைத் தட்டினார். நானும் அம்மாவும் எங்கள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை," என்றார் கிராணியார், நிதானமாக. "நான் கன காலமா இருக்கிறன். அப்பிடி ஒரு ஆளை நான் கண்டதே இல்லை."

ஷூ சத்தம் படியிறங்கிப் போனது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் கிராணியாருக்கு மைலோ கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று எங்கள் மாடி முழுக்க ஒரே பெருமிதம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் எங்களைப் பார்த்த பார்வையே சரியில்லை. "என்னம்மா, இப்படி என் பேரக் கெடுத்துட்டீங்க? பொண்ணோட தாய்மாமன் விசாரிக்கப் போயிருக்காரு. அந்த வீட்டுல அப்படி ஆளே இல்லைன்னு தெருவே சொல்லுதாம். உங்க கிராணியாரே சொன்னாராமே!"

பெண் கொடுக்குமுன் இப்படி ஆளனுப்பி, சொல்லாமல் கொள்ளாமல், காப்பிக்கடையிலும் பக்கத்து வீட்டிலும் விசாரிப்பது எங்கள் வழக்கம்தான். என் சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நாங்களே அனுப்பியிருக்கிறோம். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவர் ஷூ போட்டிருந்ததும், கேள்வி கேட்டதும் மரியாதைப்பட்ட குடும்பத்து மாமா என்பதால்தான்.

நடந்ததை விளக்கலாம் என்றால் அது இன்னும் மோசம். "அவரப் போலீஸுன்னு நெனச்சோம்" என்றால், போலீஸுக்கு ஏன் பயந்தீர்கள் என்றல்லவா கேட்பார்கள்? அண்ணன் மறுநாளே போய்ச் சரணடைந்தார். நீதிபதி நாலு வார்த்தை திட்டி, அபராதம் போட்டு அனுப்பிவிட்டார். அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் அந்தப் பூதம். உபதேசியார் உண்மையைச் சொல்லப் போனபோது பிலோமினாவின் அப்பா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஊரையே பொய் சொல்ல வைக்கிற குடும்பத்தில் பெண் கொடுப்பதாக இல்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டாராம். அந்த வருடமே பிலோமினாவுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. அந்தச் சேதி வந்த அன்று அண்ணன் ரொட்டியெல்லாம் இறக்கிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பழைய சந்தையை மூடி, எதிரே புதுக் கட்டடத்துக்கு மாற்றிய பிறகு, அங்கே மீன் கடையில் பிலோமினாவைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு உங்க வீட்டுல ஆளே இல்லைன்னு சொன்னீங்களே, நானும் மாமாகூட வந்திருந்தேன். எதிர்ப்பக்க அஞ்சடியில நின்னேன். உங்க ஜன்னல் கம்புல அவரு திருவிழாவுக்குப் போட்டிருந்த நீலச் சட்ட காஞ்சிட்டு இருந்துச்சு. மாமாகிட்ட நான் சொல்லல. என்னப் பிடிக்காமத்தான் அவரு அப்படிச் சொல்லச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

"ஐயோ அக்கா, வாரண்ட் இருந்துச்சு. வேன் மஞ்சக் கோட்டுல நிறுத்தினதுக்கு."

அவர் என்னையே பார்த்தார். "ஒரு சம்மனுக்கா?" என்றார். சிரித்தார். கண் துடைத்துக்கொண்டும் சிரித்தார். பிறகு மீன் பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அண்ணனுக்கும் அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி நல்ல மனுஷி. அதனால் பிலோமினா சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. இன்று அந்தக் கடைவீடு பயணிகள் தங்கும் ஹோட்டல். மூங்கில் கம்புகளில் துணி காயும் ஜன்னல்கள் அந்தத் தெருவில் இல்லை. பேக்கரி இல்லை, கிராணியார் இல்லை, அண்ணியும் போய்விட்டார். இப்போது அண்ணனிடம் தாராளமாகச் சொல்லலாம், யாருக்கும் மனம் நோகாது. அவர்தான் போன தவக்காலத்தில் கண்ணை மூடிவிட்டார்.