டல்சியின் டீசல் முள்

"முள்ளு பொய் சொல்லுது," என்றார் டல்சி.

"முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, டல்சி," என்றார் மெக்கானிக் நெவில். ஜீப்புக்கு அடியிலிருந்து அவருடைய பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

"கிளம்பறப்ப முக்கால் டேங்க் காட்டுது. ஒரு கேட்டைத் தாண்டினா சைபர். அடுத்த கேட்டுல மறுபடி முக்கால். நடுவுல யாரு ஊத்தினா, நீயா?"

"டேங்க் மிதவையை மாத்தியாச்சு. ஒயரைச் சுரண்டியாச்சு. மீட்டரையே கழட்டி மாட்டியாச்சு. இங்க நிக்கறப்ப ஒழுங்காத்தானே காட்டுது!"

"உன்னைக் கண்டா பயம் போல."

"பயம் எனக்குத்தான். உன் நாயை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டு. போன வாரம் என் மத்தியான சாப்பாட்டைப் பொட்டலத்தோட முழுங்கிடுச்சு."

"மேயருக்குப் பசி. அதுக்கு என்ன பண்றது?"

டல்சி ட்ராண்டருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. வாரம் இரண்டு முறை கூரம்பில்லா தபால் நிலையத்திலிருந்து கடிதம், ரொட்டி, மருந்து, கோழித்தீவனம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வடக்கே இருக்கும் மாட்டுப் பண்ணைகளுக்குப் போவார். ஸ்டியரிங்குக்கு மேல் எட்டிப் பார்க்க அவருக்கு இரண்டு தலையணை வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒரு காது மடிந்த மந்தை நாய். ஊர்க் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதுபோல நிமிர்ந்து உட்காரும் என்பதால் அதற்கு மேயர் என்று பெயர். அந்த ஊர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் டல்சி வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். அம்மாவோடு தொலைபேசியில் தமிழில் பேசினால் மேயர் வாசலில் வந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்கும்.

முதல் தடவை முள் சைபருக்கு விழுந்தபோது டல்சி பயந்துபோய் வழியிலேயே நிறுத்தி, ஜீப்பிலிருந்த வயர்லெஸ் ரேடியோவில் மகன் கிராண்டைக் கூப்பிட்டார். அவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து டீசல் ஊற்றினால், அது பொங்கி அவன் காலில் வழிந்தது. டேங்க் நிறைய இருந்தது. அடுத்த தடவை சைபர் காட்டியபோது டல்சி முள்ளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அன்றைக்கு உண்மையிலேயே சைபர்.

"இன்னொரு தடவை நடுவழியில நின்னா சாவியை நான் வாங்கிக்குவேன்மா. தபாலை வேற யாராவது எடுத்துட்டுப் போகட்டும்," என்றான் கிராண்ட்.

டல்சி சாவியைத் தொப்பிக்குள் போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து அவர் முள்ளை நம்புவதில்லை. ஒவ்வொரு பண்ணையிலும் இறங்கி, ஜீப்பை இடுப்பால் ஓர் இடி இடித்து, உள்ளே டீசல் தளும்பும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பார். பண்ணைக்காரர்கள் தபாலை வாங்கிக்கொண்டு மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

எனக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, "நீயும் வா கண்ணு. நீ முள்ளைப் பாரு, நான் ரோட்டைப் பாக்கறேன்," என்றார். முன் இருக்கையை எனக்கு விட மேயருக்கு மனமே இல்லை. முனகிக்கொண்டே ரொட்டிகளுக்கு நடுவில் போய்ப் படுத்தது.

மாடு வெளியே போகாமலிருக்க வழியெல்லாம் வேலிக்கு வேலி கேட் உண்டு; பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் இறங்கி அதைத் திறக்க வேண்டும். அங்கே அதற்கு மறுபேச்சு இல்லை. முதல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு ஜீப்பைத் திரும்பிப் பார்த்தேன். மேயர் பின்னாலிருந்து தாவி என் இடத்துக்கு வந்து, முன்னங்கால் இரண்டையும் மீட்டர் பலகையில் ஊன்றி, நான் வேலையைச் சரியாகச் செய்கிறேனா என்று கண்ணாடி வழியே கவனித்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் முள் சைபரில் இருந்தது.

"மேயர் கால் வச்ச இடத்துல ஒரு பொத்தான் இருக்கு, டல்சி," என்றேன்.

அந்த ஜீப்புக்குப் பின்னால் இன்னொரு சின்ன டேங்க் உண்டு. ஓட்டை விழுந்து, பல வருடமாகக் காலி. பொத்தானை அழுத்தினால் முள் அந்த டேங்கைக் காட்டும். இன்னொரு முறை அழுத்தினால் பெரிய டேங்க். டல்சி தனியாகப் போகும்போது ஒவ்வொரு கேட்டுக்கும் அவரே இறங்குவார். ஒவ்வொரு கேட்டிலும் மேயர் எழுந்து மேற்பார்வை பார்க்கும்.

டல்சி பொத்தானை அழுத்தினார். முக்கால். மறுபடி அழுத்தினார். சைபர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா நீயாடா?"

மேயர் ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்தது.

நெவில் பொத்தானையே பிடுங்கிவிடுவதாகச் சொன்னார். "வேண்டாம்பா. போன தடவை நீ பிரிச்சதுல ஹாரன் போச்சு," என்றார் டல்சி. அதனால் நெவில் பொத்தான் மேல் டேப் மட்டும் ஒட்டினார். வீடு வந்து சேர்வதற்குள் மேயர் அதைத் தின்றுவிட்டது.

கிராண்ட் சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "சாவி உன்கிட்ட இருக்கணும்னா, நாய் இனிமே பின்னாடி. முன் சீட்டுல பார்த்தேன்னா சாவி எனக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் தபாலெல்லாம் ஏற்றியாகிவிட்டது. மேயர் எப்போதும்போல முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. டல்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜீப்பையே சுற்றிவந்தார். பிறகு சமையலறையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து காதருகே குனிந்தார்.

"கண்ணு, ஒரு உதவி. பின்னாடி போகச் சொல்லி நீயே அவன்கிட்ட சொல்லிடு. நான் சொன்னா மனசு ஒடஞ்சிடுவான். நீதான் ரெண்டு பாஷை படிச்சவளாச்சே, ஏதாவது ஒண்ணுல பக்குவமா சொல்லிப் பாரேன்."