மாஸ்டர் இல்லாத நாலு மணிக் கிளாஸ்

வீட்டிலிருந்து படிக்கிற படிப்பில் மிகக் கடினமான பாடம், வீட்டில் இருப்பதுதான். என்னைப் போல அடுப்படிக்கும் அலகு மூன்றுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கும் சக மாணவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சும்மா இருக்கிறவ

நாற்பத்தாறு வயதில், எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் இருந்தபடி, தொலைக்கல்வியில் உளவியல் அறிமுகப் பாடநெறிக்குப் பதிந்தேன். வகுப்பு இல்லை, நேரசூசி இல்லை. உங்களுக்கு வசதியான வேகத்தில் படிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அதை எழுதியவருக்கு என் மச்சாளைத் தெரியாது.

மச்சாள் என் கணவரின் அக்கா. பக்கத்து வளவு. நடுவேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருக்கிறது. நான் புத்தகத்தை விரித்தால் அதற்குள்ளால் ஒரு தேங்காயோ, ஒரு ஊர்ப் புதினமோ, மச்சாளோ வந்துவிடும். செத்தவீட்டுக்குத் துணை, கலியாணவீட்டுக்குப் பலகாரம் என்று ஊரின் வேகத்தில் ஓடி ஓடியே காலம் முடிந்து, முதல் பதிவு பாதியில் போய்விட்டது. இரண்டாம் முறை பதிந்தபோது இதுதான் கடைசி, இனிச் சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த முறை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். பொட்டுக்குள்ளால் குரல் வந்தது.

"சும்மாதானே இருக்கிறீர், உந்தத் தேங்காயை ஒருக்காத் துருவித் தாரும்."

கோயில் நூல்

உளவியல் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ மூளை குழம்பி விசர். அது யாருக்கு என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை. ஒரு அம்மா என் கணவரை வீதியில் மறித்து, நான் ஒழுங்காக நித்திரை கொள்கிறேனா என்று விசாரித்தாவாம். மச்சாள் கோயிலில் மந்திரித்த நூலோடு வந்தா. மனத்தைப் பற்றித்தான் படிக்கிறேன், என் மனத்துக்கு ஒன்றும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நானும் விடவில்லை. நூலை வாங்கி, படித்து நிறுத்திய பக்கத்தில் அடையாளமாக வைத்தேன். மச்சாள் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தா.

"அதுவும் சரிதான். விசர் கிடக்கிறது உந்தப் புத்தகத்துக்குள்ளைதானே."

ஞாபகம்

ஞாபகம் பற்றிய அலகுக்கு ஒரு ஆளைச் சோதித்து எழுதவேண்டும். வீட்டில் கிடைத்த ஒரே ஆள் என் கணவர். சொற்களை வரிசையாக வாசிப்பேன், ஞாபகத்தில் நிற்பதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கதிரையில் இருத்தினேன். சாவி, குடை, மாடு, பனை என்று தொடங்கி, தேத்தண்ணியில் முடித்தேன். கடைசியாகக் கேட்டது நன்றாக நிற்கும் என்று புத்தகம் சொல்கிறது. அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"தேத்தண்ணி எண்டீர். எங்கை?"

மணியும் நாயும்

மணியடித்துச் சாப்பாடு போட்டுப் பழக்கினால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு வாயூறும் என்று ஒரு பாடம். எங்கள் ஊருக்கு அந்த மணி எது என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றேன். பிள்ளைகள் ரியூசனுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். ஊரில் என்ன நடந்தாலும், கிளாஸ் என்று சொன்ன பிள்ளையை மறிக்க ஆளில்லை. பிறகென்ன! அடுத்த நாள் நாலு மணிக்கு வெளியில் போகிற சேலை, தோளில் பை, கையில் சைக்கிள். தேங்காயோடு வந்த மச்சாள் எங்கே போகிறேன் என்று கேட்டா. கிளாசுக்கு என்றேன். தேங்காய் திரும்பிப் போனது.

சந்தியில் ஒரு கணித மாஸ்டரின் ரியூசன் கொட்டில் ஆறு மணிவரை வெறுமையாகக் கிடக்கும். அங்கே ஒரு வாங்கில் குந்தியிருந்து படிக்கலாமா என்று கேட்டேன். ஒரேயொரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஆர் படிப்பிக்கிறது எண்டு கேட்டா என்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, எனக்கு உந்தப் பாடம் ஓடாது."

வடை

எழுதிக் கொடுக்கவேண்டிய கடைசி ஒப்படையை ஆறு மணிக்குள் இணையத்தில் ஏற்றவேண்டிய அன்று பார்த்து, மச்சாளின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். வடை சுட ஆளில்லை என்று மச்சாளே கொட்டிலுக்கு ஓடி வந்தா. வாங்குகள் வெறுமை, கரும்பலகை வெறுமை, நடுவில் கைத்தொலைபேசியோடு நான்.

"மாஸ்டர் எங்கை?" என்றா.

"மாஸ்டர் ஒருத்தரும் இல்லை மச்சாள், நான் மட்டும்தான். இண்டைக்கு அனுப்பாட்டி இனி என்னைச் சேர்க்கமாட்டினம். நான் எழும்பமாட்டன். வடையை உங்கடை தம்பி சுடட்டும்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து மச்சாளை மறுத்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. மச்சாள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டா. இனி வேலிப் பொட்டை அடைத்துவிடுவா என்றே நினைத்தேன். அடைத்தால் அடைக்கட்டும் என்று எழுதி முடித்து ஒப்படையை ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்தால், கணவர் நெற்றியில் அரைத்த உழுந்தோடு நிற்கிறார். மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் மாமி எங்கே, ஏன் மாமா வடை சுடுகிறார் என்று கேட்டாவாம். மச்சாள் முகம் மாறாமல் சொன்ன பதிலை அவர் அப்படியே ஒப்புவித்தார்.

"அவவின்ரை மாஸ்டர் சரியான கண்டிப்பு, ஒருநாள் போகாட்டிலும் பிறகு உள்ளுக்கு எடுக்கமாட்டார்."

நான் சித்தியடைந்து, அடுத்த பாடநெறிக்கும் பதிந்துவிட்டேன். அவ்வளவு கண்டிப்பான மாஸ்டரை விட எனக்கு மனமில்லை.